‘பாஸ்’ குரலைப் பிடிக்க ஒரு ரேடியோ

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சென்ற அக்டோபரில் பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ ஃப்ளீட் வீக் வான்காட்சிக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், மடியில் சிறு ரேடியோவும் காதில் ஹெட்போனுமாக இருந்தாராம். விமானம் மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அது வரும் திசைக்குத் திரும்பிவிடுவாராம். மகள் ஆசையாகப் பார்ப்பதைக் கண்டு அரை நிமிடம் ஹெட்போனை அவள் காதில் வைத்திருக்கிறார். ‘அந்த அரை நிமிடத்தைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்’ என்கிறார் வாசகர். பிறகு இணையத்தில் மலிவாக ஒரு வாக்கி டாக்கி வாங்கி, அடுத்த வான்காட்சிக்குக் கொண்டுபோனால் வெறும் இரைச்சல்தான் வந்ததாம். எதை வாங்குவது, எப்படிக் கேட்பது, முதலில் இது சட்டப்படி சரிதானா என்று கேட்டிருக்கிறார்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் இருக்கும் அமெரிக்காவில் தாராளமாகக் கேட்கலாம். தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமே, கப்பல்களும் விமானங்களும் பேசிக்கொள்ளும் ரேடியோவைக் கேட்பதற்கு விலக்கு அளித்திருக்கிறது. நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற சில மாநிலங்களில் மட்டும், போலீஸ் அலைவரிசையையும் பிடிக்கக்கூடிய ஸ்கேனரை வண்டியில் வைத்திருக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. காரில் நீண்ட பயணம் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் கேட்பது குற்றமில்லை. கேட்டதை வெளியிடுவதும் அதை வைத்து ஆதாயம் தேடுவதும்தான் குற்றம். டொராண்டோ வாசகர்கள் ஒலிப்பதிவைப் பொதுவெளியில் போடும்முன் இதை நினைவில் வையுங்கள். பிரிட்டனில் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, நமக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதே குற்றம். பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸ் பறக்கும் காட்சிகளில் பலர் ஸ்கேனரும் கையுமாக நிற்பது உண்மைதான். ஆனாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

இந்தியாவுக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை நடத்திய காட்சியைப் பார்த்த உங்கள் தம்பியோ மைத்துனரோ, ‘வரும்போது அப்படி ஒன்று வாங்கி வாங்க’ என்று கேட்கக்கூடும். வாங்கிப் போகாதீர்கள். அங்கே இத்தகைய ரேடியோக் கருவியை வைத்திருப்பதற்கே அரசின் அனுமதி வேண்டும். இராணுவ விமானங்களுக்கு அருகில் அதோடு பிடிபட்டால், பொழுதுபோக்குக்குத்தான் என்று விளக்கி மீள்வது எளிதில்லை. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானத்தளத்தில் பொதுமக்களுக்கான காட்சி நாளன்று, விமானங்களின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். மேல்முறையீட்டில் அவர்கள் விடுபடுவதற்கு ஓர் ஆண்டு ஆனது. நோட்டுப் புத்தகத்தில் எண்களைக் குறித்ததற்கே அந்தக் கதி. ரேடியோவுக்கு எவ்வளவு சந்தேகம் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் வாக்கி டாக்கி ஏன் இரைந்தது என்று பார்ப்போம். அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400 முதல் 520 வரையும் கேட்கும். அமெரிக்க இராணுவ விமானங்கள் தங்களுக்குள் பேசுவதோ பெரும்பாலும் 225 முதல் 400 வரையிலான பகுதியில். நீங்கள் தேடிய குரல் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய்க்கொண்டிருந்தது. அதிர்வெண் பொருந்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அது எஃப்எம் கருவி. விமானங்கள் பேசுவது ஏஎம்மில்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் விமானங்கள் ஏன் பழைய ஏஎம்மையே வைத்திருக்கின்றன என்று என் மகன் ஒருமுறை கேட்டான். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்த குரல் மட்டும் கேட்கும், மெலிந்த குரல் தடயமே இல்லாமல் மறைந்துவிடும். ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சிடும். சொல் புரியாவிட்டாலும், இன்னொருவரும் அழைத்தார் என்பது தெரிந்துவிடும். ஆபத்தில் இருப்பவரின் குரல் மெலிந்த குரலாகவும் இருக்கலாம் அல்லவா?

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: 225 முதல் 380 மெகாஹெர்ட்ஸ் வரை வருமா, அந்தப் பகுதியை ஏஎம்மில் தருமா. பெட்டியில் ‘விமான அலைவரிசை உண்டு’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பல கருவிகளில் அது 108 முதல் 137 வரையிலான பயணிகள் விமானப் பகுதியை மட்டுமே குறிக்கும். அந்தப் பகுதியும் நமக்கு வேண்டியதுதான். காட்சி மொத்தத்தையும் நடத்தும் ‘ஏர் பாஸ்’ என்ற ஒழுங்குபடுத்துநரையும் தனியார் சாகச விமானிகளையும் பெரும்பாலும் அங்கேதான் கேட்கலாம். ஆனால் உங்கள் மகள் கேட்ட குரல் அங்கே கிடைக்காது. கையடக்க ஸ்கேனர்களில் யூனிடன் பிசி125ஏடி இரண்டு பகுதிகளையும் பிடிக்கும், 500 நினைவிடங்கள் உண்டு, சாதாரண டபுள் ஏ பேட்டரி இரண்டு போதும். முதல் கருவியாக அதையே சொல்வேன். இதைவிட விலை உயர்ந்தவை போலீஸ், தீயணைப்புத் துறைகளின் டிஜிட்டல் தொடர்புகளுக்காகச் செய்யப்பட்டவை. இராணுவச் சாகசக் குழுக்கள் காட்சியில் பேசுவது மறைகுறி எதுவும் இல்லாத சாதாரணக் குரல். அந்தக் கூடுதல் பணம் உங்களுக்கு வேண்டாம்.

மடிக்கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற ஏற்பியை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வீட்டு மேசையில் அது அருமையான பொருள், நானே வைத்திருக்கிறேன். ஆனால் அக்டோபர் வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து கணினித் திரையைப் படிக்க முடியாது. தவிர, சான் ஃபிரான்சிஸ்கோவில் சுட்ரோ டவர் குன்றின்மேல் நின்று தொலைக்காட்சியும் எஃப்எம்மும் பொழிந்துகொண்டிருக்கிறது. மலிவான ஏற்பி அந்த வெள்ளத்தில் திணறி, இல்லாத இடத்திலெல்லாம் பாட்டுக் கேட்கும். கொண்டுபோவதானால் 88 முதல் 108 வரை வடிகட்டும் சிறு ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு தேவையில்லை. 300 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஒரு மீட்டர், அதில் கால் பங்கு 25 சென்டிமீட்டர். இழுத்து நீட்டும் குச்சி ஆன்டெனாவை அந்த அளவுக்கு வைத்தால் போதும். மெரினா கிரீன் புல்வெளியில் நின்றால் கூடவே வரும் ரப்பர் ஆன்டெனாவே நன்றாகப் பிடிக்கும். (பெயரைப் பார்த்தீர்களா, நம் மெரினாவைப் போலவே இதுவும் கூட்டம் கொள்ளும் கரை.) வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். இந்த அலை நேர்கோட்டில் போவது. விமானம் தண்ணீரை ஒட்டித் தாழும்போது நடுவில் ஒரு குன்று இருந்தாலே குரல் அறுந்துவிடும்.

அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். நான் இங்கே எந்த எண்ணையும் எழுதப்போவதில்லை. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடிய ஒன்றை அச்சில் பார்த்து நம்பி, முதல் ஆண்டு முழுக்காட்சியையும் மௌனமாகக் கேட்டுவிட்டு வந்தவன் நான். நீங்களே தேடுங்கள். 225 முதல் 380 வரை 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணினால் 6,200 படிகள் வரும். கையடக்க ஸ்கேனர் அத்தனையையும் ஒருமுறை சுற்றி வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். விமானி பேசுவதோ இரண்டு விநாடி. ஆகவே காட்சி நாளன்று தேட உட்கார்ந்தால் காட்சி போய்விடும், குரலும் கிடைக்காது. குழு ஊருக்கு வந்து முதல்முறை சுற்றிப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சாகசக் குழுவான ப்ளூ ஏஞ்சல்ஸ் வழக்கமாகக் காட்சிக்கு முன்பே வந்து, எந்தக் கோபுரத்தை, எந்தத் தெருமுனையை அடையாளமாகக் கொண்டு திரும்புவது என்று வானிலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அன்று விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். மொத்தத்தையும் ஒரே வீச்சில் தேடாமல் இருபது, முப்பது மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓயாமல் வானிலை வாசிக்கும் பதிவுக்குரல் எங்காவது சிக்கும், அதை உடனே தள்ளிவைக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்துங்கள். தலைமேல் விமானங்கள் ஒன்றாகச் சாயும் அதே நொடியில் ஒரு குரல் வந்தால், நீங்கள் தேடியது அதுதான். உடனே நினைவிடத்தில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு குழுவுக்கு ஒரே அலைவரிசைதான் இருக்கும் என்றில்லை. சேர்ந்து பறக்கும் நால்வர் அணி ஒன்றிலும் தனி விமானிகள் இருவர் வேறொன்றிலும் பேசக்கூடும். இரண்டும் கிடைத்தால் மாறி மாறிக் கேட்கலாம். ஆனால் முதல் காட்சிக்கு என் யோசனை, நால்வர் அணியின் அலைவரிசையிலேயே ஸ்கேனரை நிறுத்திவிடுங்கள். ஓடவிட்டால் பதில் வரும் நொடியில் அது வேறெங்கோ போய்விடும். இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் திருகை, இரைச்சல் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மயிரிழைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

காதைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். ப்ளூ ஏஞ்சல்ஸின் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் ஆஃப்டர்பர்னரோடு போகும்போது, குரல் கேட்கவில்லையே என்று பலர் ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அது பெரும் கேடு. விமானம் வருவதற்கு முன்பே, அமைதியாக இருக்கும்போது ஒலியை அளவாக வைத்துவிடுங்கள். காதுக்குள் செருகும் சிறு இயர்போன், அதன்மேல் தொழிற்சாலைகளில் போடுவது போன்ற காது மூடி, அதுவும் குழந்தை அளவில். இரண்டும் சேர்ந்தால் ஜெட் இரைச்சல் அடங்கும், குரல் தெளியும். ஒரு துளையிலிருந்து இரண்டு இயர்போனுக்குப் பிரிக்கும் கம்பி சில டாலருக்குக் கிடைக்கும். அதை மறக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு வருவதுதான் உண்மையான விஷயம். அந்தப் பெரியவர் காதில் வைத்ததும் உங்கள் மகள் ஏன் அப்படி நின்றுவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ப்ளூ ஏஞ்சல்ஸில் ஆறு விமானங்கள் பறக்கும். 1ஆம் எண் தலைமை விமானி, அவரைக் குழு ‘பாஸ்’ என்றே அழைக்கும். 2 அவருக்கு வலச்சிறகு, 3 இடச்சிறகு, 4 பின்னால் நடுவில். இந்த நால்வர் வைர வடிவம். 5, 6 தனி விமானிகள். ஒலிபெருக்கியில் பார்வையாளருக்கு விளக்கம் சொல்பவர் 7ஆம் எண். அவர் சொல்வது மைதானத்துக்கானது. ரேடியோவில் வருவது அவர்களுக்குள் மட்டும் நடப்பது, அதில் அலங்காரம் கிடையாது.

பாஸ் பேசுவதை முதலில் கேட்டால் விசித்திரமாக இருக்கும். ‘மேலே போவோம்’ என்ற பொருளில் ‘அப் வீ கோ’ என்பார். அதைப் பேச்சாகச் சொல்லமாட்டார். ஒவ்வொரு அசையையும் இழுத்து, ஒரே சீராக, கிட்டத்தட்டப் பாடுவார். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவதைக் கேட்டிருந்தால் இது உடனே பிடிபடும். அங்கே ஏலேலோ என்பதற்குப் பொருள் யாரும் தேடுவதில்லை. எந்த அசையில் குரல் விழுகிறதோ அந்த அசையில் அத்தனை தோளும் ஒன்றாக இழுக்கும். இங்கேயும் அப்படித்தான். பாஸின் சொல் எந்த அசையில் தொடங்குகிறதோ அதில் நான்கு கைகளும் ஒன்றாகக் கட்டுப்பாட்டுக் கோலை இழுக்கின்றன. சொல் நீளும் வேகமே இழுக்கும் வேகம். ‘இன்னும் கொஞ்சம் இழு’ என்பதை அவர் மெதுவாகச் சொன்னால் மெதுவாக, சட்டென்று சொன்னால் சட்டென்று. அவர்களுக்கு இடையே 18 அங்குலம் வரை நெருங்கும் கட்டங்கள் உண்டு. சிறகில் இருப்பவர் முன்னாலிருப்பவரின் விமானத்தைக் கண்ணால் பார்த்து, அது அசைந்த பிறகு தான் அசைந்தால் காலம் தப்பிவிடும். கண் பார்ப்பதற்கு முன்னால் காது சொல்லிவிட வேண்டும்.

இதைப் பறக்கும் முன்பே பழகிக்கொள்கிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பலர் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் கோலைப் பிடிப்பதுபோல் வைத்து, பாஸ் முழுக்காட்சியையும் குரலில் ஓட்ட, மற்றவர்கள் அந்தக் குரலுக்குக் கையை அசைப்பார்கள். 2024இல் வெளியான ‘தி ப்ளூ ஏஞ்சல்ஸ்’ ஆவணப்படத்தில் இந்த அறையைப் பார்க்கலாம். காட்சிக்கு முன் மகளுக்கு அதைக் காட்டுங்கள். பாஸ் பொதுவாக இரண்டு ஆண்டுதான் இருப்பார். புதியவர் வந்தால் புதிய குரல். கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோ தளத்தில் குளிர்காலம் முழுக்க அவர்கள் பயிற்சி எடுக்கும்போது, அந்தக் குரலும் மற்றவர்களின் காதுக்குப் பழகுகிறது.

இன்னொன்றும் கேட்கும்: மூச்சு. சாதாரணப் போர் விமானிகள் அணியும் ஜி-சூட்டை இவர்கள் அணிவதில்லை. முன்னங்கையைத் தொடைமேல் ஊன்றித்தான் கோலைப் பிடிக்கிறார்கள். அந்த உடை காற்று நிரம்பிப் புடைத்தால் கை நகர்ந்துவிடும், கை நகர்ந்தால் விமானம் நகர்ந்துவிடும். கோலிலும் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளும்படி ஏறத்தாழ 40 பவுண்டு, அதாவது 18 கிலோ, அழுத்தம் வைத்திருப்பார்கள். காட்சி முழுக்க அதை எதிர்த்துப் பிடித்தபடிதான் பறக்கிறார்கள், அப்போதுதான் கை தளராமல் நுணுக்கமாக இயங்குமாம். வளைவில் உடல் எடை பல மடங்காகும்போது வயிற்றையும் காலையும் இறுக்கி இரத்தத்தைத் தலையில் நிறுத்தப் போராடுகிறார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் பாஸ் தன் குரலைச் சீராக வைத்திருக்கிறார். கூர்ந்து கேட்டால் சொல்லின் வாலில் அந்த முக்கல் தெரியும்.

தனி விமானிகளின் பேச்சு வேறு வகை, கத்தி வீச்சு மாதிரி. எதிரும் புதிருமாக வந்து கடக்கும்போது ‘ரெடி, ஹிட் இட்’ என்ற சொல்லில் இருவரும் ஒரே நொடியில் புரள்வார்கள். புகைக்கும் கட்டளை உண்டு: ‘ஸ்மோக் ஆன்’, ‘ஸ்மோக் ஆஃப்’. சூடான புகைபோக்கிக் காற்றில் எண்ணெய் தெளித்து வருவது அந்த வெண்புகை. கட்டளையும் புகையும் ஒரே நொடியில் நிகழ்வதைப் பாருங்கள். இயந்திரத்தின் ஓசை மட்டும் பிந்தி வரும். ஒரு கிலோமீட்டர் தொலைவென்றால் மூன்று விநாடி. உங்கள் மகளுக்கு ஒளியும் ரேடியோவும் ஒரே வேகம், ஒலி வேறு வேகம் என்று புரியவைக்க இதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

கரையிலிருந்தும் ஒரு குரல் வரும். குழுவின் ஆட்கள் சிலர் ரேடியோவோடு காட்சி மையத்தில் நின்றிருப்பார்கள், அவர்களில் மருத்துவரும் உண்டு. ஒவ்வொரு சாகசத்தையும் கீழிருந்து கவனித்துக் குறித்துக்கொள்வார்கள். மேகம் இறங்கினால் அதையும் பேசிக்கொள்வார்கள். முழு உயரக் காட்சிக்கு மேகத்தளம் 8,000 அடியாவது இருக்க வேண்டும். 1,500 அடிவரை இறங்கிவிட்டால் மேலே வளையாமல் கிடையாகவே பறந்து முடிப்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பனிமூட்டத்தில் இது அடிக்கடி வரும் கவலை. ரேடியோ கையில் இருந்தால் ஏன் இன்று வட்டம் போடவில்லை என்று நீங்கள் குழம்பமாட்டீர்கள்.

அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் குழுவைக் கேட்கப் போனாலும் அடிப்படை இதுவேதான். விமானம் எஃப்-16, தலைவரின் குரல் வேறு. அந்தக் குழுவின் வரலாற்றில் ஒரு நாளை நான் ஒவ்வொரு காட்சியிலும் நினைத்துக்கொள்கிறேன். 1982 ஜனவரி 18, நெவாடாவில் இண்டியன் ஸ்பிரிங்ஸ் தளத்தில் பயிற்சி. நான்கு டி-38 விமானங்கள் தோளோடு தோளாக வரிசையில் வட்டமடித்து இறங்கின. தலைவர் விமானத்தின் வால் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டதால் அதனால் மேலே திரும்ப முடியவில்லை என்று விசாரணை கண்டது. மற்ற மூவரும் தரையைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதான் அவர்கள் பழகிய பழக்கம். அவர்கள் கண் தலைவர்மேல் இருந்தது. நால்வரும் ஒன்றாகத் தரையில் மோதினார்கள். முன்னத்தி ஏர் போன வழியில்தான் பின் ஏர்கள் போகும். பாஸின் குரலைக் கேட்கும்போது, அதை நம்பி மூன்று பேர் தங்கள் கண்ணைத் தரையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லலாமா என்பது உங்கள் முடிவு. நான் என் மகனுக்குப் பன்னிரண்டு வயதில் சொன்னேன்.

அதனால் இரண்டு வேண்டுகோள். ‘நாக் இட் ஆஃப்’ என்று கேட்டால் ஆட்டத்தை நிறுத்து என்று பொருள். பெரும்பாலும் காரணம் ஒரு பறவையோ, தடைசெய்த எல்லைக்குள் வந்துவிட்ட படகோ, சிறு விமானமோதான். பதற வேண்டாம். ஆனால் உண்மையாகவே ஏதாவது நடந்துவிட்டால் ரேடியோவை அணைத்துவிடுங்கள், பிள்ளையின் காதிலிருந்து எடுத்துவிடுங்கள், கேட்டதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் குரலுக்கு ஒரு வீடு இருக்கிறது. இரண்டாவது, பேசவும் வசதியுள்ள ரேடியோவை, அமெச்சூர் உரிமம் உங்களிடம் இருந்தாலும், அன்று கையில் எடுத்துப்போக வேண்டாம். கூட்ட நெரிசலில் ஒரு பொத்தான் தவறி அழுந்தினாலும், எதிரெதிரே வரும் இருவர் காதில் அது விழக்கூடும்.

மூன்று நாள் காட்சியில் முதல் நாள் நீங்கள் கேளுங்கள், அலைவரிசை சரிதானா, ஒலி அளவு சரிதானா என்று பாருங்கள். இரண்டாம் நாள் கம்பியைப் பிரித்து இருவரும் கேளுங்கள். மூன்றாம் நாள் உங்கள் இயர்போனைக் கழற்றிவிட்டு, காது மூடியை மட்டும் போட்டுக்கொண்டு, ரேடியோவை முழுக்க அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் எந்தப் பக்கம் கை காட்டுகிறாளோ அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.